மங்கும் நாடாக்களும் மறையக்கூடாத முகங்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பல வீடுகளில், அலுமாரியின் மேலோ பழைய ட்ரங்குப் பெட்டியினுள்ளோ, பொலித்தீன் பையினாற் சுற்றப்பட்ட நான்கைந்து வீடியோ நாடாக்களை இன்றும் காணலாம். அண்ணனின் கலியாண வீடு, தங்கையின் சாமத்திய வீடு, கோயில் கொடியேற்றம், பாடசாலைப் பரிசளிப்பு விழா என்று அவற்றின் முதுகிலே பேனாவால் எழுதப்பட்ட எழுத்துகள் மங்கிப் போயிருக்கும். அவற்றை ஓட்டிப் பார்க்கும் 'டெக்' பழுதடைந்து பல ஆண்டுகள் கடந்திருக்கும். எறிவதற்கு மனம் வராது. பார்ப்பதற்கு வழியும் இராது.

இந்நாடாக்களைப் பழம்பொருள் என்று ஒதுக்கிவிட முடியாது. போரிலே உயிரிழந்தோரும் காணாமல் ஆக்கப்பட்டோருமாகிய எமது உறவுகளில் எத்தனையோ பேரின் அசையும் உருவம் உலகில் வேறெங்கும் இல்லை. யாரோ ஒருவருடைய கலியாண வீட்டுப் பந்தியில் வாழையிலை போடுகின்ற இளைஞனாக, மணவறைக்குப் பின்னால் நின்று சிரிக்கின்ற சிறுமியாக, மூன்று நான்கு செக்கன்களுக்கு மட்டும் அவர்கள் தோன்றி மறைகின்றனர். அந்தச் சில செக்கன்களே ஒரு தாய்க்கு எஞ்சியிருக்கும் முழுச் சொத்தாக இருக்கக்கூடும்.

அம்முகம் மங்கலாகத் தெரிவதற்கு நாடா மட்டுமே காரணமன்று என்பதையும், நாடாவில் உள்ள படம் வெளியே வருகின்ற வழியிலேயே அதன் தெளிவின் ஒரு பகுதி இழக்கப்படுகின்றது என்பதையும், அவ்விழப்பைத் தவிர்க்க வழி உண்டு என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையில் சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலிலும், ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலும் ஆரம்பிக்கப்பட்டன. யப்பானின் ஜே.வி.சி நிறுவனம் 1976 இல் அறிமுகப்படுத்திய வி.எச்.எஸ் நாடாக்களும் 1980களில் எமது ஊர்களை வந்தடைந்தன. தோளிலே சுமந்து படம்பிடிக்கும் பெரிய கமெராவுடன் வீடியோக்காரர் வராத கலியாண வீடு குறைவு என்னும் நிலை மெல்ல உருவானது.

1990 இல் போர் மீண்டும் மூண்டதையடுத்துக் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றுபோனது. பற்றறியும் எரிபொருளும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. சைக்கிள் டைனமோவினால் வானொலியை இயக்கிச் செய்தி கேட்ட காலம் அது. அக்காலத்திலும், மின்பிறப்பாக்கியையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்திலே அயலவர்கள் கூடியிருந்து விடிய விடியப் படம் பார்த்ததை எம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே மின்பிறப்பாக்கிகளின் வெளிச்சத்திலேயே கலியாண வீடுகளும் படம்பிடிக்கப்பட்டன.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டபோது, காணி உறுதியுடனும் நகையுடனும் சேர்த்துக் கலியாண நாடாவையும் பையிலே வைத்துக்கொண்டு நடந்த குடும்பங்கள் உண்டு. விட்டுச் சென்றவை பெரும்பாலும் மீளக் கிடைக்கவில்லை. ஆகவே இன்று எம்மிடம் எஞ்சியிருப்பவை மழையையும் இடப்பெயர்வையும் கடந்து வந்தவை. இவற்றைக் கடைசியில் எமது கவனக்குறைவினால் இழப்பது பொருந்தாது.

அவசரம் ஏன் என்று கேட்கலாம். வீடியோ நாடா என்பது மெல்லிய பொலியெஸ்ரர் பட்டி. அதன் மீது காந்தத் துகள்கள் ஒருவகைப் பிசினால் ஒட்டப்பட்டுள்ளன. அப்பிசின் ஈரப்பதனை உறிஞ்சி நாளடைவில் இளகக்கூடியது. கடலும் கடனீரேரியும் சூழ்ந்த எமது நிலத்தில், ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான மாரி மழையின் ஈரமும் ஏனைய மாதங்களின் வெக்கையும் மாறி மாறி நாடாவைத் தாக்குகின்றன. நாடாச் சுருளின் ஓரத்தில் வெண்சாம்பல் நிறத்திற் படர்ந்திருக்கும் பூஞ்சணம் இதன் விளைவேயாகும்.

எனினும், நாடா அழிவதற்கு முன்னரே அதனை ஓட்டும் கருவி அழிந்துவிடும் என்பதே பெரிய ஆபத்து. வீடியோ டெக்குகளைக் கடைசிவரை உற்பத்தி செய்துவந்த யப்பானின் புனாய் நிறுவனம் 2016 யூலையில் அவ்வுற்பத்தியை நிறுத்திவிட்டது. புதிய வாசிப்பு முனைகளோ உதிரிப்பாகங்களோ இப்போது உற்பத்தியாவதில்லை. யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் 2019 இல் விடுத்த காந்த நாடா எச்சரிக்கையில், ஓட்டும் கருவிகள் அருகிவருவதனால் 2025 அளவில் இப்பதிவுகளை மாற்றிக்கொள்வதற்கான வாய்ப்பு பெரும்பாலும் முடிவடைந்துவிடும் என்று சுட்டிக்காட்டின. அவர்கள் குறித்த அந்த ஆண்டு வந்தேவிட்டது.

இனி, படம் நாடாவில் எவ்வாறு பதிந்துள்ளது என்பதைப் பார்ப்போம். டெக்கினுள் 62 மில்லிமீற்றர் விட்டமுடைய ஓர் உருளை சாய்வாகப் பொருத்தப்பட்டுள்ளது. எமது நாட்டின் 'பால்' ஒளிபரப்பு முறைக்குரிய டெக்கில் அது செக்கனுக்கு 25 தடவை சுழல்கின்றது. 'ஹெட்' என்று திருத்துநர்கள் கூறும் வாசிப்பு முனைகள் அவ்வுருளையில் எதிரெதிரே பதிக்கப்பட்டிருக்கும். நாடா செக்கனுக்கு இரண்டரை சென்ரிமீற்றரிலும் குறைவாகவே நகர்கின்ற போதிலும், முனை செக்கனுக்கு ஏறக்குறைய 5 மீற்றர் வேகத்தில் அதனை வருடிச் செல்வதால் ஒரு படத்துக்குரிய பெருந்தொகையான தகவலை வாசிக்க முடிகின்றது. நாடாவிலுள்ள ஒவ்வொரு சாய்ந்த சுவடும் ஏறத்தாழ 0.05 மில்லிமீற்றர் அகலமே உடையது. ஒரு சிறு தூசும் பூஞ்சணத் துளியும் படத்தில் வெள்ளைக் கீறாகத் தோன்றுவது இதனாலேயே.

அச்சுவடுகளில் படத்தின் வெளிச்சமும் நிறமும் வெவ்வேறு மீடிறன்களில் தனித்தனியே பதியப்பட்டுள்ளன என்பது இங்கு முக்கியமானது. வெளிச்சத்துக்குரிய சைகை 38 இலட்சம் முதல் 48 இலட்சம் ஹேர்ட்ஸ் வரையான உயர்ந்த மீடிறனிலும், நிறத்துக்குரிய சைகை ஏறத்தாழ 6 இலட்சத்து 27 ஆயிரம் ஹேர்ட்ஸ் என்னும் தாழ்ந்த மீடிறனிலும் அமைகின்றன. நாடாவில் அவை ஒன்றோடொன்று கலக்கவில்லை.

கலப்பு நிகழ்வது டெக்கின் பின்புறத்திலுள்ள மஞ்சள் நிறத் துளையிலேதான். ஒரே கம்பியின் ஊடாகத் தொலைக்காட்சிக்கு அனுப்பவேண்டும் என்பதற்காக, வெளிச்சமும் நிறமும் அங்கு ஒரே சைகையாகச் சேர்க்கப்படுகின்றன. தொலைக்காட்சிப் பெட்டி அவற்றை மீளப் பிரிக்க முயல்கின்றது. பாலையும் நீரையும் கலந்துவிட்டுப் பின்னர் பிரிக்க முயல்வது போன்ற செயல் இது. பிரிப்பு ஒருபோதும் முழுமையாவதில்லை. கூறைச் சேலையின் சிவப்பு அயலிலுள்ளவற்றின் மேல் வழிவதும், நெருங்கிய கோடுகளுள்ள துணியில் இல்லாத நிறங்கள் மின்னுவதும், விளிம்புகளிற் புள்ளிகள் ஊர்வதும் அக்கலப்பினால் ஏற்படுபவை. சாதாரண வி.எச்.எஸ் படத்தின் குறுக்குத் தெளிவு ஏறத்தாழ 240 கோடுகளே. அதிலும் ஒரு பகுதியை வழியிலே இழந்தால், பந்தியில் நிற்கும் இளைஞனின் கண்ணும் வாயும் ஒரு மங்கலான கறையாகிவிடுகின்றன.

இரண்டாவது சிக்கல் நேரம் பற்றியது. நாடா இழுபடுவதாலும் உருளையின் சுழற்சியில் ஏற்படும் நுண்ணிய மாற்றங்களாலும் படத்தின் ஒவ்வொரு கோடும் சரியான கணத்தில் தொடங்குவதில்லை. குழாய்த் திரையுடைய பழைய தொலைக்காட்சிப் பெட்டி இத்தள்ளாட்டத்தைப் பொறுத்துக்கொண்டது. இன்றைய தட்டைத் திரையும் கணினியில் இணைக்கும் பதிவுக் கருவியும் அவ்வாறு பொறுத்துக்கொள்வதில்லை. படம் நெளிகின்றது, இடையிடையே துள்ளுகின்றது, சிலவேளை நீலத் திரை மட்டுமே எஞ்சுகின்றது. நாடா பழுதாகிவிட்டது என்று எண்ணி அதனை எறிந்துவிட்டோர் பலர். உண்மையில் பல சந்தர்ப்பங்களில் நாடா நன்றாகவே இருந்திருக்கும்.

இவ்வகைச் சிக்கல் வீடியோ நாடாவுக்கு மட்டும் உரியதன்று. பழைய வீடியோ விளையாட்டுக் கருவிகளைப் பேணும் ஆர்வலர்கள் இதனை வெகுகாலமாக எதிர்கொண்டு வந்துள்ளனர். நின்ரெண்டோ நிறுவனம் 1983 இல் யப்பானில் வெளியிட்ட பமிகொம் என்னும் கருவியில், படத்தை ஆக்கும் சில்லே கலப்புச் சைகையைத்தான் வெளியிட்டது. ஆர்வலர்கள் கருவியைத் திறந்து, அச்சில்லுக்குப் பதிலாக வேறொன்றைப் பொருத்தியோ, துணைச் சுற்றுப்பலகை ஒன்றை இணைத்தோ, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களைத் தனித்தனியே வெளியே எடுத்தனர். நாற்பது ஆண்டு பழைமையான விளையாட்டு இன்றைய திரையிலே கூர்மையாகத் தெரிகின்றது. 'படத்தை அது பிறக்கும் இடத்துக்கு எவ்வளவு அருகிற் பிடிக்கின்றோமோ அவ்வளவு தெளிவு' என்பதே அவர்கள் கண்ட பாடம். பிள்ளைகளின் விளையாட்டுக் கருவிக்கு உலகம் காட்டிய இந்த அக்கறையை, இறந்தோரின் முகங்களுக்கு நாம் காட்டக்கூடாதா?

அப்பாடத்தை டெக்குக்குப் பொருத்துவதில் இரண்டு படிகள் உண்டு. முதலாவது எளியது. 1987 இல் அறிமுகமான எஸ்-வி.எச்.எஸ் வகை டெக்குகளில், வெளிச்சத்தையும் நிறத்தையும் வெவ்வேறு கம்பிகளில் அனுப்பும் எஸ்-வீடியோ என்னும் துளை உண்டு. அவற்றிற் சாதாரண நாடாக்களும் ஓடும். மஞ்சள் துளையை விட்டு எஸ்-வீடியோவைப் பயன்படுத்தினாலே நிறக் கசிவு பெருமளவு குறைந்துவிடும். கோடுகளின் தொடக்கத்தை ஒழுங்குபடுத்தும் நேரத் திருத்தி ஒன்றை இடையில் இணைத்தால் படத்தின் நெளிவும் நீங்கும். சில எஸ்-வி.எச்.எஸ் டெக்குகளில் அத்திருத்தி உள்ளேயே அமைந்துள்ளது. பழைய டி.வி.டி பதிகருவிகள் சிலவும், படத்தைத் தம் ஊடாகச் செலுத்தினால், ஓரளவு இப்பணியைச் செய்கின்றன.

இரண்டாவது படி இன்னும் ஆழமானது. அதன் கதை இங்கிலாந்தில் தொடங்குகின்றது. 1086 இல் அந்நாட்டு மன்னன் எடுப்பித்த டூம்ஸ்டே என்னும் நிலக் கணக்கேட்டின் 900 ஆவது ஆண்டை முன்னிட்டு, 1986 இல் பி.பி.சி நிறுவனம் மக்களின் வாழ்க்கைப் பதிவுகளைத் திரட்டி லேசர் தட்டுகளில் வெளியிட்டது. பதினைந்து ஆண்டுகள் செல்வதற்குள் அத்தட்டுகளை ஓட்டும் கருவிகள் அருகிப்போயின. 900 ஆண்டு பழைய தோல் ஏட்டை வாசிக்க முடிந்தது. பதினைந்து ஆண்டு பழைய தட்டை வாசிப்பது அரிதாயிற்று. பின்னர் அத்தட்டுகளைக் காப்பாற்ற முனைந்த தன்னார்வலர்கள், கருவி வெளியிடும் படத்தை எடுக்காமல், வாசிப்பு முனை பெறும் மூலச் சைகையையே நேரடியாகக் கணினியில் பதிந்து, படமாக மாற்றும் வேலையை மென்பொருளிடம் ஒப்படைத்தனர். அம்முயற்சியிலிருந்து கிளைத்ததே வி.எச்.எஸ்-டிகோட் என்னும் இலவச மென்பொருளாகும்.

இம்முறையில் எஸ்-வீடியோ துளையுடைய அரிய டெக் தேவையில்லை. நன்றாக ஓடும் சாதாரண டெக்கே போதும். டெக்கின் உட்புறச் சுற்றுப்பலகையில், வாசிப்பு முனையின் சைகையைப் பெருக்கும் பகுதிக்கு அருகே, திருத்துநர்கள் அளவீடு செய்வதற்கென உற்பத்தியாளர் விட்டுவைத்த சோதனைப் புள்ளி ஒன்று இருக்கும். அப்புள்ளியில் ஒரு சிறிய கொள்ளளவியின் ஊடாக மெல்லிய அச்சொத்த கம்பியை ஈயம் பற்றவைத்து, பின்புறத்திலே ஒரு துளையிட்டு வெளியே கொண்டுவர வேண்டும். கணினியிலே பொருத்திய பதிவு அட்டை அச்சைகையை மாதிரியெடுத்துச் சேமிக்கும். டெக்கின் வழமையான வெளியீடுகள் பாதிக்கப்படுவதில்லை. குரலைப் பெரும்பாலும் வழமையான ஒலித் துளையிலிருந்தே பெறலாம்.

அவ்வாறு பதியப்படுவது படமன்று; நாடாவிலுள்ள காந்தச் சுவட்டின் நேரடிப் பிரதி. வெளிச்சத்தையும் நிறத்தையும் கலக்காமல் தனித்தனியே பெறுதல், ஒவ்வொரு கோட்டின் நேரத்தையும் திருத்துதல், தூசினால் விடுபட்ட இடங்களை அயற்கோட்டிலிருந்து நிரப்புதல் ஆகிய அனைத்தையும் பின்னர் மென்பொருள் ஆறுதலாகச் செய்கின்றது. நாளை இதனிலும் சிறந்த மென்பொருள் வந்தால், நாடாவைத் தொடாமலே அதே பதிவிலிருந்து மேலும் தெளிவான படத்தைப் பெறலாம் என்பதே இதன் பெருஞ்சிறப்பு. ஆனால் இடம் அதிகம் தேவைப்படும். செக்கனுக்கு 4 கோடி மாதிரிகள், மாதிரி ஒன்றுக்கு ஒரு பைற் என்று பதிந்தால், ஒரு மணி நேர நாடா சுருக்கப்படாத நிலையில் 144 கிகாபைற் கொள்ளும். எல்லா நாடாவுக்கும் இது வேண்டியதில்லை. பிரதி வேறெங்கும் இல்லாத, முகங்கள் நிறைந்த நாடாக்களுக்கு இது தகும்.

இவ்வேலையை அனுபவமில்லாதோர் செய்தலாகாது. டெக்கின் மின்வழங்கிப் பகுதியில் 230 வோல்ற்று மின்சாரம் உண்டு. செருகியைக் கழற்றிய பின்னரும் அங்குள்ள கொள்ளளவிகளில் மின் எஞ்சியிருக்கும். எமது நகரங்களில் வானொலியும் தொலைக்காட்சியும் திருத்தி வந்த அனுபவசாலிகள் இன்னும் உள்ளனர். பொருளாதாரத் தடைக்காலத்தில் உதிரிப்பாகமின்றியே கருவிகளை உயிர்ப்பித்த கைகள் அவை. ஒரு டெக்கில் ஒரு கம்பியைப் பற்றவைப்பது அவர்களுக்குப் பெரிய காரியமன்று. அவர்களது கைத்திறனும் இளைய தலைமுறையின் கணினி அறிவும் ஒன்றுசேர வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

வெளிநாட்டிலிருந்து வந்த நாடாக்களைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். கனடாவிலுள்ள மகளின் கலியாண நாடா தபாலில் வந்துசேர்ந்து, இங்குள்ள டெக்கில் இட்டபோது படம் உருண்டோடியதை அல்லது நிறமின்றித் தெரிந்ததை எத்தனையோ பெற்றோர் அனுபவித்திருப்பர். கனடாவில் வழங்கியது 525 கோடுகளைக் கொண்ட 'என்.ரி.எஸ்.சி' முறை; எமது 'பால்' முறை 625 கோடுகளைக் கொண்டது. பிரான்சின் 'சீகாம்' முறை நிறத்தில் வேறுபட்டது. அந்நாடாக்கள் பழுதானவை அல்ல. வேறு முறையில் எழுதப்பட்டவை. அவற்றை மாற்றும்போது, அம்முறையில் ஓடக்கூடிய பன்முறை டெக்கைத் தேடிப் பயன்படுத்துதல் வேண்டும்.

மாற்றும் வேலையில் இறங்குவோர் சிலவற்றைத் தவிர்க்கவேண்டும். பூஞ்சணம் பிடித்த நாடாவை நேரே டெக்கில் இடக்கூடாது. அது முனையைக் கெடுப்பதுடன் அடுத்து இடும் நல்ல நாடாவுக்கும் தொற்றும். மலிவாகக் கிடைக்கும் எச்.டி.எம்.ஐ மாற்றிகளை மட்டும் நம்பிப் பதிதல் ஆகாது. அவை கலப்புச் சைகையையே பெற்று, படத்தை இழுத்துப் பெரிதாக்குகின்றன. முதற்பிரதியைத் தரம் குன்றாத வடிவிற் சேமித்து, கைத்தொலைபேசியில் அனுப்புவதற்கெனச் சிறிய பிரதி ஒன்றை வேறாக எடுப்பதே முறை. ஒரே வன்தட்டை நம்பாமல் இரண்டு இடங்களில், முடிந்தால் ஒன்றை வேறு ஊரிலோ நாட்டிலோ, வைத்தல் நன்று. மாற்றிய பின்னரும் மூல நாடாவை எறிந்துவிடலாகாது.

செயற்கை நுண்ணறிவினாற் பழைய படங்களைக் கூர்மையாக்கித் தருவதாகக் கூறும் மென்பொருட்கள் இப்போது பரவியுள்ளன. இவற்றில் எச்சரிக்கை வேண்டும். நாடாவில் இல்லாத கண்ணிமையையும் சிரிப்பையும் அவை ஊகித்து வரைகின்றன. பார்வைக்கு அழகாகத் தோன்றலாம். ஆனால் அது எமது பிள்ளையின் முகமன்று. மங்கலானாலும் மெய்யானதே எமக்கு வேண்டும். அத்தகைய மெருகூட்டலைச் செய்ய விரும்புவோர் பிரதியிற் செய்யட்டும். மூலப் பதிவில் கைவைத்தலாகாது.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சேர்ந்தே எரிந்தன. பிரதி இல்லாத ஆவணம் எவ்வளவு எளிதில் இல்லாமற் போகும் என்பதை அந்நெருப்பிலே கற்றுக்கொண்ட சமூகம் நாம். 2005 இல் தொடங்கிய நூலகத் திட்டம் எமது நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் பேணிவருகின்றது. அச்சிட்டவற்றுக்குக் கிடைத்த அந்த அக்கறை வீட்டு நாடாக்களுக்கும் கிடைக்கவேண்டும். பல்கலைக்கழகமும், பொது நூலகங்களும், சனசமூக நிலையங்களும், பழைய மாணவர் சங்கங்களும் முன்வந்து, பிரதேசத்துக்கு ஒன்றாக நல்ல நிலையிலுள்ள டெக்கையும் கணினியையும் ஒரு திருத்துநரையும் ஒழுங்குசெய்தால் பெரும்பணி நிறைவேறும். தத்தம் ஊர்ச் சங்கங்கள் ஊடாக உதவும் புலம்பெயர்ந்த உறவுகளுக்கு இச்செலவு பெரிதன்று. ஆயினும் வீட்டு நாடா வீட்டாருக்கே உரியது. அவர்களின் சம்மதமின்றி எந்த முகமும் பொதுவெளிக்குச் செல்லலாகாது.

இவையெல்லாம் நடைபெறும்வரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நாடாக்களை இறக்கி, தூசு தட்டி, ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். யாருடைய நிகழ்வு, எந்த ஆண்டு, யார் யார் தோன்றுகின்றனர் என்பதை வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்டு எழுதி ஒட்டுங்கள். மென்பொருள் படத்தைத் தெளிவாக்கித் தரும். பந்தியில் இலை போடுகின்ற அந்த இளைஞன் யார் என்பதை அது சொல்லாது. அதனைச் சொல்லக்கூடியவர்களும் நாடாக்களைப் போலவே குறைந்துகொண்டு செல்கின்றனர்.